குறைந்தபட்சக் கூலியும் வேலைவாய்ப்பும்: நியூஜெர்சி, 1992 – ஒரு நிகழ்வு ஆய்வு

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. அன்றைக்கு அந்நாட்டின் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு உயர்ந்த குறைந்தபட்சக் கூலி நடைமுறையில் இல்லை. டெலவேர் ஆற்றின் மறுகரையில் இருக்கும் பென்சில்வேனியா, கூட்டாட்சி அரசு நிர்ணயித்திருந்த 4.25 டாலரிலேயே நின்றது. இரு கரைகளிலும் ஒரே நிறுவனங்களின் துரித உணவகங்கள் இருந்தன. அவற்றில் வேலை ஒன்றுதான், வேலைக்கு வருவோரும் ஏறத்தாழ ஒரே தரத்தினர்தான். சட்டம் மட்டும் ஒரு கரையில் மாறியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்னும் இரு பொருளியலாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். உழைப்புச் சந்தை எப்படி இயங்குகிறது என்பது பற்றி அதுவரை பாடப்புத்தகங்கள் உறுதியாகச் சொல்லிவந்த ஒன்று அந்த எண்ணிக்கையால் ஆட்டம் கண்டது. அவர்கள் என்ன செய்தார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே அது செல்லாது என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

சட்டம் வந்த வழி

1981 முதல் மணிக்கு 3.35 டாலரில் உறைந்து கிடந்த கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி, 1990 ஏப்ரலில் 3.80 டாலராகவும் 1991 ஏப்ரலில் 4.25 டாலராகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு மேலும் ஒரு படி ஏறுவதற்கான சட்டத்தை நியூஜெர்சி 1990இன் தொடக்கத்திலேயே இயற்றிவிட்டது. அப்போது பொருளாதாரம் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஆனால் 1990 ஜூலையில் மந்தநிலை தொடங்கியது. கணக்குப்படி அது 1991 மார்ச்சில் முடிந்துவிட்டாலும் வேலைவாய்ப்பு மட்டும் விரைவில் மீளவில்லை. இந்த நேரத்தில் இப்படியோர் உயர்வு தாங்காது என்று கருதிய மாநிலச் சட்டமன்றம், 80 சென்ட் உயர்வை இரண்டு ஆண்டுகளில் பிரித்து அமல்படுத்த 1992 மார்ச்சில் வாக்களித்தது. ஆளுநரின் மறுப்பாணையை முறியடிக்கத் தேவையான பெரும்பான்மை அந்த வாக்கெடுப்பில் மயிரிழையில் தவறியது. ஆளுநர் ஜிம் ஃப்ளோரியோ 5.05 டாலரை ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரவிட்டு, அதன் பிறகு இரண்டு கட்ட மசோதாவைத் தள்ளுபடி செய்தார்.

இந்தச் சட்டமன்ற வரலாறு ஆய்வுக்கு மிகவும் தேவையானது. பொதுவாக அரசுகள் பொருளாதாரம் செழிப்பாக இருக்கும்போதுதான் கூலியை உயர்த்துகின்றன. அப்படி உயர்த்திய பின் வேலைகள் குறையவில்லை என்றால், செழிப்பு காரணமா, சட்டம் தீங்கற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நியூஜெர்சியில் உயர்வு வந்ததோ மோசமான காலத்தில். அதுவும் கடைசி வாரங்கள் வரை அது முழுமையாக வருமா என்பது உறுதியாகத் தெரியாததால், கடைகள் வெகு நாட்களுக்கு முன்பே ஆட்களைக் குறைத்துத் தயாராகியிருக்க வாய்ப்பும் குறைவு.

இரண்டு கணக்குகள்

பாடப்புத்தகக் கணக்கு எளிமையானது. போட்டி நிறைந்த சந்தையில் ஒரு தொழிலாளியின் கூலி, அவர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்புக்குச் சமமாக வந்து நிற்கும். அதற்கு மேல் கூலியைச் சட்டம் தூக்கினால், அந்த மதிப்பை எட்டாத தொழிலாளிகளை வைத்திருப்பது முதலாளிக்கு நட்டம். எனவே ஆட்குறைப்பு நடக்கும். கூலி 19 விழுக்காடு உயர்ந்த நியூஜெர்சியில் வேலைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் முடிவு.

இன்னொரு கணக்கும் உண்டு. பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் முறைப்படி எழுதிவைத்தும் பல பத்தாண்டுகள் ஓரமாகவே கிடந்தது அது. ஒரு கடையில் மணிக்கு 4.25 டாலர் கூலியில் 10 பேர் வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். அந்தக் கூலிக்குப் பதினோராவது ஆள் கிடைக்கவில்லை, 4.50 டாலர் கொடுத்தால்தான் வருவார். ஒரே வேலைக்குப் புதியவருக்கு ஒரு கூலி, பழையவர்களுக்கு ஒரு கூலி என்று கொடுக்க முடியாது, எல்லாருக்கும் 4.50 ஆக்க வேண்டும். ஆகவே பதினோராவது ஆளுக்கு ஆகும் உண்மையான செலவு 4.50 டாலரோடு, மற்றப் பத்துப் பேருக்கும் கூட்டித் தரவேண்டிய 25 சென்ட் வீதம் 2.50 டாலரும் சேர்ந்து 7 டாலர். அவர் ஒரு மணி நேரத்தில் ஈட்டித் தருவது 6 டாலர்தான் என்றால், முதலாளி அவரை எடுக்க மாட்டார். ஆள் தேவை என்ற அறிவிப்பைக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, இருக்கும் பத்துப் பேரோடு சமாளிப்பார். இப்போது சட்டம் எல்லாருக்கும் 5.05 டாலர் என்று விதித்துவிட்டால், பதினோராவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 5.05 டாலர். 6 டாலர் ஈட்டித் தருபவரை எடுப்பது அப்போது லாபம். கடையின் மொத்த லாபம் குறையும்; ஆனால் வேலையில் இருப்போர் தொகை கூடும். சட்டம் 6 டாலரைத் தாண்டிய ஒரு கூலியை விதித்தால், அவர் மறுபடியும் வெளியேதான் நிற்பார்.

வாங்குவோர் முற்றுரிமை என்று பொருளியல் அழைக்கும் இந்த நிலைமைக்கு, ஊரில் ஒரே ஒரு முதலாளிதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு வேலை எங்கே இருக்கிறது என்று தெரியாமை, போய்வரும் தூரம், வேலை நேரம் வீட்டுப் பொறுப்புகளோடு பொருந்துவது, பழகிய மேலாளர் போன்ற காரணங்களால், கூலி பத்துச் சென்ட் குறைந்தாலும் தொழிலாளிகள் உடனே விலகிவிடுவதில்லை. அந்தத் தயக்கத்தின் அளவுக்கு முதலாளிக்குக் கூலியைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் கிடைக்கிறது. எந்தச் சந்தையில் எந்தக் கணக்கு பொருந்தும் என்பதைத் தர்க்கத்தால் தீர்க்க இயலாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிய விதம்

துரித உணவகங்களைத் தேர்ந்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. குறைந்த கூலித் தொழிலாளிகளை மிகுதியாக வைத்திருப்பவை அவை. சட்டத்தைப் பெரும்பாலும் மதித்து நடப்பவை. வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பு அங்கே கூலிக் கணக்கைக் குழப்புவதில்லை. ஒரு நிறுவனத்தின் கிளைகளில் பண்டமும் வேலையும் ஒரே மாதிரி. பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டீஸ், ராய் ரோஜர்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களின் கிளைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முன்னோட்டமாக நடந்த வேறோர் ஆய்வில் மெக்டொனால்ட்ஸ் கிளைகள் மிக அரிதாகவே பதில் தந்திருந்ததால் அந்த நிறுவனம் விடப்பட்டது.

உயர்வுக்குச் சற்று முன், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், தொலைபேசி வழியாக 410 கடைகளின் மேலாளர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன; 331 கடைகள் நியூஜெர்சியிலும் 79 கடைகள் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் இருந்தன. முழுநேர ஊழியர் எத்தனை பேர், பகுதிநேரத்தார் எத்தனை பேர், புதிதாகச் சேர்பவருக்குத் தொடக்கக் கூலி என்ன, ஊழியருக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு உண்டா, ஒரு குளிர்பானமும் ஒரு வறுவலும் ஒரு முதன்மை உணவும் என்ன விலை என்பன அந்தக் கேள்விகள். நவம்பர், டிசம்பரில் அதே கடைகளிடம் அவை மீண்டும் கேட்கப்பட்டன. தொலைபேசியில் சிக்காத கடைகளுக்கு ஆளையே நேரில் அனுப்பினார்கள். இந்த உழைப்பு பாராட்டத்தக்கது மட்டுமன்று, இன்றியமையாததும்கூட: இழுத்து மூடப்பட்ட கடைகள் பதில் சொல்லாத கடைகளாகக் கணக்கிலிருந்து நழுவியிருந்தால், வேலை இழப்பின் மிகக் கடுமையான வடிவமே மறைந்துபோயிருக்கும். இறுதியில் ஒரே ஒரு கடைதான் பதில் தர மறுத்தது. மூடிய கடைகள் உட்பட மற்ற எல்லாவற்றின் நிலைமையும் தெரியவந்தது.

என்ன தெரிந்தது

முதலில், சட்டம் நடைமுறையில் உண்மையாகவே பிடித்தது. உயர்வுக்கு முன் சராசரித் தொடக்கக் கூலி நியூஜெர்சியில் 4.61 டாலர், பென்சில்வேனியாவில் 4.63 டாலர். ஆண்டின் இறுதியில் அது நியூஜெர்சியில் 5.08 டாலராகியிருந்தது, பென்சில்வேனியாவில் 4.62 டாலரிலேயே நின்றது. நியூஜெர்சிக் கடைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு, சரியாக 5.05 டாலரையே தொடக்கக் கூலியாகத் தந்தன.

இரண்டு பகுதிநேர ஊழியரை ஒரு முழுநேர ஊழியராகக் கொண்டு எண்ணியபோது, நியூஜெர்சிக் கடைகளில் சராசரி ஊழியர் தொகை 20.44இலிருந்து 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் அது 23.33இலிருந்து 21.17 ஆகச் சரிந்தது. பென்சில்வேனியாவில் நடந்ததே சட்டம் இல்லாவிட்டால் நியூஜெர்சியிலும் நடந்திருக்கும் என்று கொண்டால், சட்டத்தால் ஒரு கடைக்கு ஏறத்தாழ 2.75 முழுநேர வேலைகள் கூடின என்றாகிறது.

கூர்ந்து படிப்பவர் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். நியூஜெர்சியில் வேலைகள் அப்படியொன்றும் கூடிவிடவில்லை; உயர்வு அரை ஆளுக்குச் சற்று மேல்தான். மீதி முழுவதும் பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வருகிறது. அந்தச் சரிவு பென்சில்வேனியாவுக்கே உரிய ஏதோவொரு காரணத்தால் நேர்ந்திருந்தால், மொத்த முடிவும் கலைந்துவிடும். இந்த ஆய்வை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுவே, நியாயமான இடமும்கூட.

அந்த ஐயத்தைப் பெருமளவு தணிப்பது, அதிகம் பேசப்படாத இன்னொரு ஒப்பீடு. நியூஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் சட்டம் வருவதற்கு முன்பே 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துக்கொண்டிருந்தன. சட்டத்தால் அவற்றுக்குக் கிட்டத்தட்ட எந்தச் செலவும் இல்லை. அவற்றில் சராசரி ஊழியர் தொகை 22.25இலிருந்து 20.21 ஆக, அதாவது 2.04 குறைந்தது. பென்சில்வேனியாவின் சரிவு 2.16. ஆற்றின் இரு கரைகளிலும் சட்டம் தொடாத கடைகள் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்களை இழந்தன. முன்பு 4.25 டாலர் மட்டுமே கொடுத்துவந்து, 80 சென்ட் முழுவதையும் ஏற்கவேண்டியிருந்த நியூஜெர்சிக் கடைகளிலோ ஊழியர் தொகை 19.56இலிருந்து 20.88 ஆக உயர்ந்தது. மந்தநிலை அந்த வட்டாரம் முழுவதையும் கீழே இழுத்தபோது, கூலியை அதிகம் உயர்த்தவேண்டியிருந்த கடைகளே ஆட்களை இழக்காமல் நின்றன என்பதற்கு இது வலுவான சான்று. மொத்த ஆய்வில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது 2.75 என்ற தலைப்புச் செய்தி எண்ணைவிட இந்த உள்ஒப்பீடுதான்.

செலவை யார் ஏற்றார்கள்? பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் நியூஜெர்சியில் உணவு விலை ஏறத்தாழ 4 விழுக்காடு கூடியது. கூலி உயர்வின் சுமையை வாடிக்கையாளர் மேல் ஏற்ற அது போதுமானது. ஆனால் நியூஜெர்சிக்குள் கூலியை அதிகம் உயர்த்திய கடைகள் மற்றவற்றைவிட விலையை அதிகம் ஏற்றவில்லை. ஊழியருக்குக் கிடைத்துவந்த இலவச உணவைக் கடைகள் வெட்டியதாகவும் தெரியவில்லை.

எதிர்வாதமும் இரண்டாம் சோதனையும்

ஆய்வு 1994 செப்டம்பரில் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு, துறையில் அரிதாகவே காணக்கூடிய அளவு கடுமையாக இருந்தது. அந்த எதிர்ப்பில் ஏச்சும் இருந்தது, உருப்படியான வாதமும் இருந்தது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் ஆகியோருடையது இரண்டாம் வகை. தொலைபேசியில் மேலாளர் நினைவிலிருந்து சொல்லும் எண்கள் தள்ளாடும். முழுநேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்பதுகூடக் கேள்வியில் வரையறுக்கப்படவில்லை. எனவே கடைகளின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி எண்ண வேண்டும் என்றார்கள் அவர்கள். அப்படித் திரட்டிய தரவில், கூலி 10 விழுக்காடு உயர்ந்தால் வேலை ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும் என்ற விடை வந்தது. ஆனால் அந்தப் பதிவேடுகளில் ஒரு பகுதி, குறைந்தபட்சக் கூலி உயர்வை எதிர்க்கும் ஓர் அமைப்பின் வழியாகச் சேகரிக்கப்பட்டது என்பதால், அந்தத் தரவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இல்லை.

கார்டும் க்ரூகரும் 2000இல் தந்த பதிலில், எல்லா நிறுவனங்களும் வேலையின்மைக் காப்பீட்டுக்காக அரசுக்குக் கட்டாயமாகத் தரும் ஊழியர் எண்ணிக்கையைப் பயன்படுத்தினார்கள். மேலாளரின் நினைவுக்கு அங்கே வேலையில்லை. வேலை குறைந்ததற்கான தடயம் அதிலும் இல்லை. கூடியதென்று சொல்லத்தக்க உறுதியும் இல்லை. முதல் ஆய்வின் 2.75 என்ற எண்ணை அவர்களே இப்படி அடக்கமான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அதோடு காலம் இன்னொரு சோதனையையும் கொடுத்திருந்தது. 1996 அக்டோபரில் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 4.75 டாலரானது. இம்முறை பென்சில்வேனியாவில் கூலி உயர்ந்தது, ஏற்கெனவே 5.05 டாலரில் இருந்த நியூஜெர்சியில் எதுவும் மாறவில்லை. முந்தைய சோதனை தலைகீழாக மீண்டும் நடந்தது. பென்சில்வேனியாக் கடைகளிலும் வேலை சரியவில்லை.

2021இல் கார்டுக்குப் பொருளியல் நோபல் பரிசில் ஒரு பாதி கிடைத்தது. க்ரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

வேலை எண்ணிக்கைக்குப் பின்னால்

எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தால் சந்தையின் உள் இயக்கம் தெரியாது. துரித உணவகங்களில் ஆட்கள் ஓயாமல் சேர்வதும் விலகுவதுமாக இருப்பார்கள். ஒருவர் விலகினால் வேறொருவரைத் தேடி, எடுத்து, பழக்கும் வரை அந்த இடம் காலியாகவே கிடக்கும். மாநில எல்லைகளின் இருபுறமும் உள்ள மாவட்டங்களை ஒப்பிட்டு அரிந்தரஜித் துபே, வில்லியம் லெஸ்டர், மைக்கேல் ரைக் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தபட்சக் கூலி உயர்ந்த இடங்களில் வேலை எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்க, விலகுவோர் தொகையும் புதிதாகச் சேர்க்கப்படுவோர் தொகையும் தெளிவாகக் குறைந்தன. வேலையில் இருப்பவர் நிலைத்திருக்கிறார்; கடைக்கு ஆள் தேடும் செலவு மிச்சம். வெளியே நின்று முதல் வேலை தேடும் இளைஞருக்கு மட்டும் கதவு திறக்கும் தடவைகள் குறைகின்றன. கூலி உயர்வை ஆதரிப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நல்ல கொள்கைக்கு அது தடையன்று, ஆனால் யாரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதை அதுவே காட்டுகிறது.

எங்கே செல்லாது

பசிபிக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவுகளான அமெரிக்க சமோவாவில் நடந்ததை நியூஜெர்சியோடு சேர்த்துப் படிக்காவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். அந்தத் தீவுகளின் முதன்மைத் தொழில் சூரை மீனை டப்பாவில் அடைப்பது. 2007இல் கூட்டாட்சிச் சட்டம், அங்கிருந்த குறைந்தபட்சக் கூலியை ஆண்டுக்கு 50 சென்ட் வீதம் உயர்த்தும்படி விதித்தது. மீன் ஆலைகளில் 3.26 டாலராக இருந்தது 2009இல் 4.76 டாலராகிவிட்டது, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு. 2009 செப்டம்பர் இறுதியில் சிக்கன் ஆஃப் தி சீ நிறுவனம் அங்கிருந்த ஆலையை மூடியது. 2000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். மூடலுக்குக் கூலி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மிகக் குறைந்த கூலியில் இயங்கும் தாய்லாந்து ஆலைகளின் போட்டி முன்பிருந்தே நெருக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் போட்டிதான் இங்கே முக்கியம். நியூஜெர்சி உணவகத்தின் பண்டத்தை அங்கேயே போய்த்தான் உண்ண வேண்டும். போட்டிக் கடைகளும் அதே சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே விலை எல்லாருக்கும் சேர்ந்தே ஏறும். டப்பா மீனோ உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். சமோவா ஆலை விலையை ஏற்றினால் வாங்குவோர் வேறு டப்பாவை எடுப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் பின்வந்த உயர்வுகளைத் தள்ளிவைத்தது. 2015 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 40 சென்ட் என்று வேகத்தையே மாற்றியது.

1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நிகழ்ந்த 138 கூலி உயர்வுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. புதிய வரம்புக்குக் கீழே மறைந்த வேலைகளுக்கு ஏறத்தாழ ஈடாக, வரம்பிலும் அதற்குச் சற்று மேலும் வேலைகள் தோன்றியிருந்தன. வெளியூர்ப் போட்டிக்கு ஆட்பட்ட தொழில்களில் மட்டும் இழப்பின் அறிகுறி தென்பட்டது.

உயர்வின் அளவும் வேகமும் அதே அளவு முக்கியம். 80 சென்ட் என்பது ஒரு மிதமான உயர்வு. பல கடைகளின் நடப்புக் கூலிக்கும் புதிய வரம்புக்கும் இடைவெளி சிறியதாகவே இருந்தது. 2025இன் தொடக்கத்தில் நியூஜெர்சியின் பொதுவான குறைந்தபட்சக் கூலி 15.49 டாலர், பென்சில்வேனியாவில் அது 2009 முதல் மாறாத கூட்டாட்சி அளவான 7.25 டாலர். ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே சட்டப்படி இன்று இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. 1992இன் எண்களைக் காட்டி இன்றைய இடைவெளிக்குத் தீர்ப்புச் சொல்வது, ஆதரவாகவோ எதிராகவோ, அந்த ஆய்வைத் தவறாகக் கையாள்வதே ஆகும். கூட்டாட்சிக் கூலியை 2025க்குள் 15 டாலராக்கினால் என்ன ஆகும் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2019இல் கணித்தபோது, 1.7 கோடித் தொழிலாளிகளுக்கு நேரடியாகக் கூலி உயரும் என்றது. வேலை இழப்புக்கு 13 லட்சம் என்ற நடு மதிப்பீட்டைத் தந்து, அது ஏறத்தாழப் பூஜ்யமாகவும் இருக்கலாம், 37 லட்சமாகவும் இருக்கலாம் என்று வரம்பை அகலமாக வைத்தது. அந்த அகலமே நேர்மையான விடை.

கொள்கை வகுப்போர் இந்த நிலையில் செய்யக்கூடியது, உயர்வையும் அளவீட்டையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கட்டிவைப்பது. பிரிட்டன் 1997இல் அமைத்த குறைந்த ஊதிய ஆணையம் அதற்கு நல்ல முன்மாதிரி. முதலாளிகள் தரப்பில் மூவர், தொழிலாளர் தரப்பில் மூவர், சார்பற்ற அறிஞர் மூவர் கொண்ட அந்த ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் தரவுகளைத் திரட்டி அடுத்த ஆண்டின் கூலியைப் பரிந்துரைக்கிறது. 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்ற எச்சரிக்கையான அளவில் தொடங்கி, வேலைகள் சரியவில்லை என்று கண்ட பின்பே படிப்படியாக ஏறினார்கள். 2020க்குள் இடைநிலைக் கூலியில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் கூலி) 60 விழுக்காடு, 2024க்குள் மூன்றில் இரண்டு பங்கு என்று இலக்குகள் பின்னால் வந்தன. இவ்வளவு உயரத்துக்கு நியூஜெர்சிச் சான்று எட்டாது; அங்கே அடுத்த படியை எடுப்பதற்கு முன் வேலை நேரம், விலகல், விலை, மூடப்படும் கடைகள் ஆகியவற்றை ஆணையம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே எண்ண வேண்டியிருக்கிறது.